வீலிங் கட்டணத்தின் கோடைக்கால உயர்வை மின் பில்லிலேயே பிரித்துக் காட்டக் கோரும் மனு

பெறுநர்: செயலாளர் அவர்கள், மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம், கஃப் பரேட், மும்பை.

அனுப்புநர்: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளின் குடியிருப்போர் சங்கத்தினர்.

மதிப்பிற்குரியீர்,

மே மாத பில் வந்ததும் எங்கள் பகுதிகளில் ஆண்டுதோறும் எழும் கேள்வி ஒன்றுதான்: கூடியது நாங்கள் எரித்த யூனிட்டா, யூனிட்டின் விலையா? பெஸ்ட் நிறுவனத்தின் மின்சாரம் பெறும் தாராவி, மாட்டுங்கா வீடுகளிலும், அதானி, டாடா நிறுவனங்களின் இணைப்புள்ள செம்பூர் வீடுகளிலும் அதிகக் குழப்பம் தருவது வீலிங் சார்ஜ். கம்பிகள், துணைமின் நிலையங்கள் வழியே மின்சாரத்தை வீடுவரை கொண்டுவரும் செலவு அது. கம்பி அதே கம்பிதான். ஆனால் கட்டணம் யூனிட் கணக்கில் வசூலாவதால், மின்விசிறி ஓயாத மாதத்தில் அதுவும் பெருகுகிறது. புதிய விலையும் பெரும்பாலும் ஏப்ரல் 1 முதல் அமலாவதால், புழுக்கமும் விலை மாற்றமும் ஒரே நேரத்தில் பில்லில் ஏறுகின்றன. உதாரணத்துக்கு, யூனிட்டுக்கு 2 ரூபாய் வீதம் ஜனவரியில் 150 யூனிட்டுக்கு 300 ரூபாய் என்று கொள்வோம். மே மாதத்தில் 280 யூனிட் ஓடி, வீதமும் 2.20 ஆனால் தொகை 616 ரூபாய். கூடிய 316 ரூபாயில் 260 பயன்பாட்டால் வந்தது, 56 மட்டுமே விலையால் வந்தது. இதன்மீது 16 சதவீத மின்வரியும் சேர்கிறது. இந்தக் கணக்கை ஒவ்வொரு குடும்பமும் தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்பது நியாயமல்ல.

விளக்கம் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை 2020 காட்டியது. ஊரடங்கில் மீட்டர் பார்ப்பது நின்றது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்மாதச் சராசரியை வைத்தே பில் போடப்பட்டது. கோடையில் உண்மையில் ஓடிய யூனிட்டுகள் ஜூன் பில்லில் மொத்தமாக வந்து விழுந்தபோது நகரமே கொதித்தது. அதன்பிறகுதான் ஆணையம் விளக்கம் தந்து, தவணையில் செலுத்தவும் வழிசெய்தது. அந்த விளக்கம் பில்லோடு வந்திருந்தால் மக்களின் பதற்றம் பெருமளவு குறைந்திருக்கும்.

யூனிட்டும் வீதமும் ஏற்கெனவே பில்லில் இருக்கின்றனவே என்று நிறுவனங்கள் சொல்லலாம். இருக்கின்றன, ஆனால் உயர்வில் எதன் பங்கு எவ்வளவு என்பது இல்லை. கூடுதல் செலவாகும் என்பதும் வலுவான வாதமல்ல, தேவையான எண்கள் எல்லாம் பில் போடும் கணினியிலேயே உள்ளன. ஏற்ற இறக்கமே வேண்டாமென்றால் வீலிங் சார்ஜை மாதாந்திர நிலைக்கட்டணமாக்கிவிடலாமே என்ற யோசனையை நாங்கள் உறுதியாக எதிர்க்கிறோம். ஓர் அறையில் ஒரு விளக்கும் ஒரு விசிறியும் மட்டும் வைத்திருக்கும் தாராவிக் குடும்பம், குளிர்சாதனம் ஓடும் வீட்டின் சுமையையும் சேர்த்துச் சுமக்க நேரிடும். எங்கள் குறை கட்டண முறையைப் பற்றியதல்ல, அதை மக்களுக்கு விளக்காமல் இருப்பதைப் பற்றியது.

ஆகவே ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான ஒவ்வொரு பில்லிலும் முந்தைய குளிர்மாத பில்லோடு ஒப்பிட்டு, யூனிட்டால் கூடியது, விலையால் கூடியது, வரியால் கூடியது என மூன்று வரிகளில் அச்சிட எல்லா நிறுவனங்களுக்கும் ஆணையிட வேண்டுகிறோம். வீதம் மாறினால் அமலாகும் முன்பே, பழைய வீதத்தையும் புதிய வீதத்தையும் மார்ச் பில்லில் தெரிவிக்க வேண்டும். மராத்தி, இந்தியுடன் தமிழிலும் விளக்கத் துண்டறிக்கை எங்கள் பகுதிகளுக்குத் தரப்பட வேண்டும். வரும் கோடைக்கு முன்பே இந்த ஆணை பிறப்பிக்கப்பட வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்