தண்ணி மேல பழி போடாதீங்க சார்!

நாலு தமிழ்க் குடும்பங்கள் ஒன்று சேர்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு காபிக்கு வந்துவிடும். அகமதாபாத் ஆகட்டும், புனே ஆகட்டும், லக்னோ ஆகட்டும். "என்ன இருந்தாலும் நம்ம ஊர் காபி மாதிரி வராது சார்." அதற்கு மூன்று காரணங்கள் கைவசம் தயாராக இருக்கும். தண்ணி சரியில்லை. பால் சரியில்லை. நல்ல பொடி கிடைப்பதில்லை. மாற்றலில் போன ஊரில் எல்லாம் இதே மூன்று புகாரை இதே வரிசையில் கேட்டுவிட்டேன். தவணை கட்டாதவர் சொல்லும் காரணம் மாதிரிதான் இதுவும். கேட்கும்போது நியாயமாகவே இருக்கும். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும்.

பிரித்தே பார்த்துவிடுவோம்.

தண்ணி. இதில் கொஞ்சம் உண்மை உண்டு, மறுக்கவில்லை. உப்புத் தண்ணியில் உள்ள பைகார்பனேட் காபியின் இயல்பான புளிப்பை அமுக்கி ருசியை மொண்ணையாக்கும். ஆர்.ஓ. மெஷினில் எல்லா உப்பையும் உருவிவிட்டாலும் காபி சப்பென்று போகும். ஆனால் ஒன்று கேட்கிறேன். சென்னையில் உங்கள் வீட்டுக்குக் காவிரி நேராக வந்துகொண்டிருந்ததா? அங்கேயும் போர்வெல், லாரி, கேன் தண்ணிதானே? அங்கே கேன் தண்ணியில் வந்த காபி இங்கே கேன் தண்ணியில் வராமல் எங்கே போகும்?

பால். இதைக் குஜராத்தில் உட்கார்ந்து சொல்பவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஆனந்த் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம், ஐயா! விஷயம் ஊரில் இல்லை, பாக்கெட்டில் இருக்கிறது. டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஃபுல் கிரீமில் 6 சதவீதம். இது சட்டப்படியான அளவு, எந்த மாநிலத்திலும் மாறாது. டோன்டு பாலை வாங்கி, அதில் அரை டம்ளர் தண்ணியும் விட்டு, காலையில் ஒருமுறை, பதினோரு மணிக்கு ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை என்று காய்ச்சிக்கொண்டே இருந்தால் கும்பகோணத்துப் பாலும் இப்படித்தான் ஆகும்.

பொடி. உண்மையான குற்றவாளி இங்கேதான் இருக்கிறார். ஆனால் "கிடைப்பதில்லை" என்பதல்ல குற்றம். ஊருக்குப் போகும்போது இரண்டு கிலோ அரைத்து வாங்கிவந்து, ஐந்து மாதம் வைத்துக் குடிக்கிறோமே, அதுதான். வறுத்த காபிக் கொட்டையின் வாசனை அரைத்த நொடியிலிருந்து பறக்க ஆரம்பிக்கிறது. இரண்டு, மூன்று வாரத்தில் பாதி உயிர் போய்விடும். மிச்ச நான்கு மாதமும் நாம் குடிப்பது கறுப்பு நிறக் கசப்பு. பழியை மட்டும் தண்ணி மேல் போடுகிறோம்.

இன்னொன்று. பாக்கெட்டைத் திருப்பி எழுத்தைப் படிக்கிற வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? "காபி-சிக்கரி கலவை" என்று விற்கிற பொடியில் குறைந்தது 51 சதவீதம் காபி இருந்தால் போதும் என்கிறது சட்டம். அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி போடலாம், ஆனால் எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சடித்தே ஆகவேண்டும். சிக்கரி ஒரு வேர். வறுத்து அரைத்தால் கறுப்பும் கெட்டியும் தரும், காஃபீன் துளியும் கிடையாது. 20 சதவீதம் போட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. டிகாக்‌ஷனுக்கு உடம்பு வரும். 40, 45 என்றால் நீங்கள் வேர்க் கஷாயத்துக்குக் காபி விலை கொடுக்கிறீர்கள். பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்து 2024, 2025-இல் காபி விலை உலகம் முழுக்க எகிறியதே, அதற்குப் பிறகு இந்த எண்ணைக் கட்டாயம் பாருங்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இந்தியாவில் சிக்கரி பெரும்பாலும் விளைவது குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும்தான். இங்கே விளைந்த வேர் தமிழ்நாட்டுக்குப் போய், பொடியில் கலந்து, அம்மாவின் பெட்டியில் ஏறி, ரயிலில் மறுபடி அகமதாபாத்துக்கே வந்து சேர்கிறது. அதைக் குடித்துவிட்டு "ஆஹா, ஊர் வாசனை" என்கிறோம்!

என்னதான் வழி? அரைக் கிலோ கொட்டையாகவே வறுத்து வாங்குங்கள். கர்நாடகத்துத் தோட்டங்களிலிருந்தும், ஏற்காடு, நீலகிரியிலிருந்தும் இப்போது நேராகவே வரவழைக்கலாம். பிளான்டேஷன் ஏ, பீபெரி இரண்டும் சம அளவு எடுத்தால் நல்ல கலவை. மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். ரவைக்குக் கொஞ்சம் கீழே, மாவுக்கு மேலே. பொடியாகத்தான் வாங்குவேன் என்றால் 200 கிராமுக்கு மேல் வேண்டாம், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

இனி அடுத்த கட்சி. "அதெல்லாம் ஆகாது சார், நான் மெஷின் வாங்கிட்டேன்" என்பவர்கள். முப்பதாயிரம் ரூபாய் மெஷின், மேடையில் பாதியை அடைத்துக்கொண்டு, மூன்றாம் மாதத்திலிருந்து தூசி தட்டப்படும். காமர்ஸ் படித்தவன், கணக்கு போடாமல் இருக்க முடியாது. எவர்சில்வர் ஃபில்டர் ஒன்று ஐந்நூறு, அறுநூறு ரூபாய். இருபது வருஷம் உழைக்கும். நல்ல கொட்டை கிலோ ஆயிரம் என்றே வையுங்கள். ஒரு காபிக்கு எட்டு கிராம், எட்டு ரூபாய். பால் 100 மில்லி, ஏழு ரூபாய். சர்க்கரையும் சேர்த்து பதினாறு ரூபாய்க்குள் முடிந்தது. மெஷினுக்குக் கொடுத்த பணத்தை வைப்பு நிதியில் போட்டால் அதன் வட்டியே காபிச் செலவில் ஒரு பங்கைக் கட்டிவிடும்.

செய்முறை இதோ. மூன்று பேருக்கு 25 கிராம் பொடி, தலை தட்டாத மூன்று மேஜைக்கரண்டி. பொடியைச் சமமாகப் பரப்பி, குடையை லேசாக வையுங்கள். அமுக்கவேண்டாம், இட்லி மாவா அது? தண்ணி கொதித்து அடங்கியதும் 150 மில்லி, முதலில் கொஞ்சம் விட்டு அரை நிமிடம் நனையவிட்டு, பிறகு மீதி. மூடிவிடுங்கள். பொடியே 50 மில்லி போலக் குடித்துக்கொள்ளும். கீழே 100 மில்லி வரும், ஆளுக்கு முப்பது சொச்சம். டில்லி, லக்னோ ஜனவரியில் ஃபில்டரே ஐஸ் மாதிரி இருக்கும், முதலில் வெந்நீரில் அலசிச் சூடாக்குங்கள்.

பதினைந்து, இருபது நிமிடத்தில் இறங்கினால் சரி. ஐந்தே நிமிடத்தில் இறங்கினால் பொடி கரகரப்பு அல்லது அளவு போதாது. முக்கால் மணி ஆகியும் இறங்கவில்லையா, பொடி மாவாகிவிட்டது அல்லது ஓட்டை அடைத்திருக்கிறது. மேல்பாத்திரத்தின் அடியை அடுப்புத் தீயில் காட்டித் தட்டுங்கள், திறந்துகொள்ளும். டிகாக்‌ஷனை மட்டும் ஒருபோதும் அடுப்பில் ஏற்றாதீர்கள். ஃபில்டரே இல்லாத பேச்சிலர்களா? பாத்திரத்து வெந்நீரில் பொடியைப் போட்டு ஐந்து நிமிடம் மூடிவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். தீர்ந்தது.

இவ்வளவு எளிது என்றால் ஏன் வீட்டில் நல்ல காபி வருவதில்லை? இங்கேதான் எனக்குக் கோபம்.

ஊர் காபியைப் பற்றி உருகுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். ஃபில்டரைத் தொட்டதில்லை. அம்மா ஐந்து மணிக்கு எழுந்து போட்டார், இப்போது மனைவி போடவேண்டும். அந்த மனைவியும் எட்டரைக்கு வேலைக்குக் கிளம்புகிறவர். அவர் அவசரத்துக்கு இன்ஸ்டன்டைக் கலக்கினால் "பண்பாடே போச்சு" என்று முகம் சுளிப்பு. என்ன பண்பாடு? ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய புத்தகத்தின் தலைப்பே "அந்தக் காலத்தில் காப்பி இல்லை". தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்துக்குக் காபி பழகி நூறு வருஷத்துச் சொச்சம்தான் ஆகிறது.

இன்னும் ஒன்று, பலருக்குக் கசக்கும். முதல் டிகாக்‌ஷன் வீட்டு ஆண்களுக்கும் விருந்தாளிக்கும். அதே சக்கையில் மறுபடி வெந்நீர் ஊற்றி எடுக்கும் இரண்டாவது யாருக்கு? கடைசியில் குடிக்கும் வீட்டம்மாவுக்கும், வேலைக்கு வரும் பெண்மணிக்கும். அவருக்குத் தனி டம்ளர் வேறு, ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்தும் அந்த டம்ளரைக் கூடவே சுமந்து வந்திருக்கிறோம். அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு நாம் கொடுப்பது காபி ருசி மட்டும் இல்லை.

சக்கையில் சத்து கிடையாது, மிஞ்சியது கசப்பு. செடிக்குப் போடுங்கள். ஆள் அதிகம் என்றால் பொடியைக் கூட்டுங்கள். எல்லோருக்கும் முதல் டிகாக்‌ஷன், எல்லோருக்கும் ஒரே டம்ளர். கூடுதல் செலவு ஆளுக்கு எட்டு ரூபாய்.

நாளைக் காலை ஒரு பத்து நிமிடம் முன்னால் எழுந்திருங்கள் சார். வீட்டில் உள்ளவர்களை எழுப்பாமல் நீங்களே ஃபில்டரைக் கழுவி, அளந்து, ஊற்றி, மூடுங்கள். இருபது நிமிடம் பேப்பர் படியுங்கள். பாலைக் காய்ச்சி ஆற்றி, முதல் டம்ளரை இத்தனை வருஷம் உங்களுக்குப் போட்டுக் கொடுத்தவரிடம் நீட்டுங்கள். அவர் குடித்துவிட்டு "தண்ணி சரியில்லை" என்று சொன்னால், அப்போது பேசுவோம் தண்ணியைப் பற்றி.