வீட்டுக்காரர் நீதிபதி அல்ல

‘ஹைதராபாத்தில் வீடு வாடகைக்கு விடுபவர், வருபவரின் குடியுரிமையை உறுதிசெய்ய வேண்டும், மடியில் கனமில்லை என்றால் வழியில் ஏன் பயம்?’ என்று கேட்கிறார்கள். எதை வைத்து உறுதிசெய்வது? ஆதார் குடியுரிமைச் சான்று அல்ல என்று 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டமே சொல்கிறது. 2020 பிப்ரவரியில் ஆதார் ஆணையத்தின் ஹைதராபாத் அலுவலகம் 127 பேருக்கு நோட்டீஸ் அனுப்பியது. குடியுரிமையை நிரூபிக்கச் சொன்ன அந்த நோட்டீஸ் ஓர் ஆட்டோ ஓட்டுநர் வீட்டுக்கும் போனது. கண்டனம் எழுந்த பிறகு, ஆதாருக்கும் குடியுரிமைக்கும் தொடர்பில்லை என்று ஆணையம் விளக்கம் தந்தது.

ஆணையமே தடுமாறிய இடத்தில் வீட்டுக்காரர் என்ன செய்வார்? பெயரையும் தாடியையும் பேச்சையும் பார்த்துக் கதவைச் சாத்துவார். பிரிட்டனின் 2014 குடியேற்றச் சட்டம் இதுபோன்ற சோதனையை வீட்டுக்காரர் தலையில் கட்டியது. சில வீட்டுக்காரர்கள் அதனால் பாகுபாடு காட்டுவதை, சட்டம் செல்லும் என்று 2020இல் தீர்ப்பளித்த மேல்முறையீட்டு நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

வெளிநாட்டவர் தங்கினால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் கடமை இங்கே ஏற்கெனவே இருக்கிறது, அது போதும். ஹைதராபாத்தின் பாலாப்பூர் குடிசையில் வாழும் ரோஹிங்கியா அகதியை விசாரிப்பது அரசின் வேலை. அந்த அதிகாரத்தை வாடகை ஒப்பந்தத்துக்குள் நுழைக்காதீர்கள்.