பானை யாருடையது?

காரைக்குடியில் வந்து இறங்குகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: 'நல்ல செட்டிநாட்டுச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?' ஆட்டோக்காரர் நாலு மெஸ் பேர் சொல்வார். நாட்டுக்கோழிக் குழம்பு, காடை வறுவல், நண்டு மசாலா, வெள்ளைப் பணியாரம். வந்தவர் இலையை மடக்கிவிட்டு ஊரையே ருசித்துவிட்டதாகச் சொல்லிப் போகிறார். அவர் ருசித்தது ஊரை அல்ல, ஊரின் சில தெருக்களை.

கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது. வட்டித்தொழிலுக்காக ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று போன நகரத்தார் பணத்தோடு ருசியையும் கொண்டுவந்தார்கள். கடல் தாண்டி வந்த அரிசிக்கு இந்த மண்ணில் இடம் கிடைத்தது. கூப்பிடு தூரத்தில் கொதிக்கிற சேரி உலைக்கு மட்டும் இடமில்லை.

'செட்டிநாடு என்பது வட்டாரப் பேருதானே' என்பார்கள். சரி. அந்த வட்டாரத்தில் நாங்கள் இல்லையா?

எங்க அப்பத்தா சொல்லும்: "கெடா வெட்டுனா கறி ஊருக்குள்ள போயிரும். கொடலும் ரத்தமும் நமக்கு." அதைக் கழுவி, மிளகாயும் உப்பும் போட்டு வதக்கித்தான் அது ஏழு பிள்ளைகளை வளர்த்தது. அன்றைக்கு அது 'சேரித் தீனி'. இன்றைக்கு அதே குடல் வறுவல், அதே ரத்தப் பொரியல் மெனு கார்டில் ஏறியிருக்கிறது. பேர் செட்டிநாடு. எங்க அப்பத்தா அதில் எங்கேயும் இல்லை.

இன்னொரு கூத்து, மண்பானைச் சமையல். வாசலில் போர்டு, உள்ளே கூடுதல் விலை. தோழர்களே, இந்தப் பானைக்கு ஒரு வரலாறு உண்டு. இன்றைய சிவகங்கை மாவட்டம் அன்று இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது. அங்கே 1930 டிசம்பரில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகளைப் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே.எச். ஹட்டன் இதைப் பதிந்திருக்கிறார். தங்கம், வெள்ளி போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது. அந்த எட்டில் ஒன்று: வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின.

நமக்குத் தண்டனையாக இருந்த பானை அவர்களுக்குப் பாரம்பரியம் ஆகிவிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. கடை, உணவு விடுதிக்குள் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு 1950இலேயே சொல்லிவிட்டது. 1957இல் திருவல்லிக்கேணி ஓட்டல் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கப் பெரியார் மறியல் நடத்தினார். ஆனாலும் எங்கய்யா கிராமத்து டீக்கடையில் தனிக் கிளாஸில்தான் குடித்தார். குடித்ததைக் கழுவி வைத்துவிட்டும் வந்தார்.

இன்று நான் மெஸ்ஸுக்குள் போய் உட்காரலாம், காசு கொடுத்தால் இலை விழும். ஆனால் என் சாப்பாடு உள்ளே வர முடியாது. 2022இல் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறிப் பிரியாணிக்கு அங்கே இடமில்லை. அது பாகுபாடுதான் என்று மாநில ஆதிதிராவிடர் ஆணையம் ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள். திருவிழாவே நின்றாலும் பரவாயில்லை, மாட்டுக்கறி வேண்டாம்!

குற்றம் நம்மிடமும் இருக்கிறது. படிக்கிற காலத்தில் விடுதியில் நான் டிபன் பாக்ஸை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டேன். 'என்னடா கறி?' என்றால் 'மட்டன்' என்பேன். ஆத்தா விடியலில் எழுந்து ஆக்கிக் கொடுத்ததை என் வாயாலேயே இல்லை என்றேன். அந்த வெட்கம் எனக்குள் தானாக முளைத்ததல்ல. ஆனால் அதைச் சுமந்தவன் நான்தான்.

ஆகவே, செட்டிநாட்டு மெனுவில் ஒரு ஓரத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்ச இதை எழுதவில்லை. காரைக்குடிக் கடைத்தெருவில் நம் பேரிலேயே ஒரு கடை வேண்டும். உப்புக்கண்டம், குடல், மாட்டுக்கறி வறுவல் என்று பலகையில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். எவர்சில்வர் தட்டில் பரிமாறுவோம். மண்பானையில் வேண்டுமென்பவர்கள், அதைப் பற்றி எங்க அப்பத்தாவிடம் கேட்டுவிட்டு வரட்டும்.