மழையில் நனைந்த பிளக்கும் வயர்மேன் அப்பாவும்

ரேடியோவில் பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். காலை 6 மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்தால் 10 மணி வரை வாய் ஓயாது. ஆனால், இதுவரை ரேடியோவில் நான் கேட்டதிலேயே முக்கியமான பேச்சு எது என்று கேட்டால், முகம் தெரியாத ஓர் ஆஸ்திரேலிய லாரி ஓட்டுநர் சொன்ன ஒரே ஒரு வரியைத்தான் சொல்வேன்.

“முன்னால போற கேரவன், நீங்க பிரேக் போட்டா பின் விளக்கெல்லாம் அணைஞ்சு போவுது.”

அக்காவும் அத்தானும் பெர்த்தில் இருக்கிறார்கள். ஜூன் மாதம் லீவு எடுத்துக்கொண்டு அப்பா, அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். அத்தானிடம் சொந்தமாக ஒரு கேரவன் இருக்கிறது. கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் உள்ளே இருக்கும். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். ஐந்து பேரும் அல்பனிக்குக் கிளம்பினோம். ஏறக்குறைய 400 கிலோமீட்டர். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மூலையில் ஜூன் என்றால் குளிர்காலம், மழைக்காலம். மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

அங்கே கேரவன் இழுப்பவர்கள் பலர் காரில் ஒரு சின்ன யுஎச்எஃப் ரேடியோ வைத்திருக்கிறார்கள். லாரி ஓட்டுநர்கள் புழங்குவது சேனல் 40. அத்தான் அதைத் திறந்து வைத்திருந்ததால்தான் அந்தக் குரல் எங்களுக்குக் கேட்டது. மழை, இருட்டு, பின்னால் தானியம் ஏற்றிய லாரி. முன்னால் போகும் வண்டி நிற்கப்போகிறது என்பது அந்த ஓட்டுநருக்குத் தெரியவில்லை என்றால் என்ன ஆகும்? நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

வெளிச்சமான ஓர் இடம் பார்த்து நிறுத்தினோம். அத்தான் போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு இறங்கினார். “பல்பு போயிருக்கும். நாளைக்குக் கடையில மாத்திடலாம்” என்றார்.

அப்பா பின் சீட்டில் இருந்தார். கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் 31 வருஷம் வயர்மேனாக வேலை செய்தவர். பெர்த்துக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு வேலையும் இல்லை. எதைத் தொட்டாலும் அத்தான், “நீங்க உட்காருங்க மாமா, நான் பாத்துக்கிறேன்” என்பார். மரியாதைக்காகச் சொல்வதுதான். ஆனால் அப்பாவின் முகம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுருங்கியதை நான் கவனித்திருந்தேன்.

அன்றைக்கு அவர் யாரையும் கேட்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

“பிள்ள, நீ ஏறி பிரேக்க மிதி. இப்ப இடது சிக்னல் போடு.”

போட்டேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. “பிரேக் மிதிச்சா மங்குது. சிக்னல் போட்டா எல்லா லைட்டும் கூடவே மினுக்குது. பல்பு போகல மாப்பிள்ளை. எர்த் போச்சு.”

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். காரிலிருந்து கேரவனுக்கு மின்சாரம் ஒரு பிளக் வழியாகத்தான் போகிறது. ஆஸ்திரேலியாவில் பரவலாக இருப்பது தட்டையான 7 முனை பிளக். இடது சிக்னலுக்கு மஞ்சள் கம்பி, வலது சிக்னலுக்குப் பச்சை, பிரேக் விளக்குக்குச் சிவப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி உண்டு. ஆனால் எல்லாக் கரண்டும் திரும்பி வருவது ஒரே ஒரு வெள்ளைக் கம்பி வழியாக. ஒரு தாமானில் எத்தனை வீடு இருந்தாலும் மெயின் ரோட்டுக்கு ஒரே வழி இருப்பது மாதிரி. அந்த வழி அடைத்துக்கொண்டால் எல்லா வீட்டுக்கும் கஷ்டம். கேரவனின் எலெக்ட்ரிக் பிரேக்குக்கான கரண்டும் அதே வெள்ளைக் கம்பியில்தான் திரும்புகிறது. அதாவது, விளக்கு மட்டுமல்ல, அந்தக் கனமான வண்டியின் பிரேக்கும் பலவீனமாகியிருக்கலாம். இதைக் கேட்டதும் அக்கா பேசாமல் அத்தானைப் பார்த்தார்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு.

“எப்படி மாமா? நான் ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டிக் பை போட்டு, டேப் சுத்தித்தானே வைக்கிறேன்?” அத்தானுக்கு நம்பவே முடியவில்லை.

“அதான் மாப்பிள்ளை காரணம்” என்றார் அப்பா.

சூடான சோற்றைத் தாபாவ் டப்பாவில் போட்டு மூடினால் மூடியில் தண்ணீர் கோத்து நிற்கும் அல்லவா? அதே கதைதான். பகல் வெயிலில் பைக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிந்து எப்படியோ வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் வெளிக்காற்றை ஈரத்தோடு உள்ளே இழுக்கும். அந்த ஈரம் பித்தளை முனைகளில் படியும். பையும் டேப்பும் அதை வெளியே போகவிடாது. கடற்கரையில் நிறுத்திய வண்டி என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஈரமாக இருக்கும்போதே மாட்டிக் கரண்ட் ஓடவிட்டால் அரிப்பு இன்னும் வேகமாகும்.

எங்கள் நிலையத்தில் வெளிப்புற நிகழ்ச்சி நடக்கும்போது மழை வந்தால் நாங்களும் கேபிள் இணைப்புகளை பிளாஸ்டிக் பையில் சுற்றி இறுக்கிக் கட்டுகிறவர்கள்தான். மறுநாள் ஒலி கரகரப்பது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த இரவுக்கு என் நகம் தேய்க்கும் அரம்தான் உதவியது. வெள்ளைக் கம்பி வரும் முனையைச் சுரண்டித் துடைத்து மாட்டியதும் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. மெதுவாக அல்பனி போய்ச் சேர்ந்தோம். காலையில் மாமனாரும் மருமகனும் வாகன உதிரிப்பாகக் கடைக்குப் போய், வேண்டியதை வாங்கி வந்து வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். அம்மா மட்டும், “விளக்குக் களிம்புக்குப் புளி போடுவோமே, இதுக்கும் போட்டா என்ன?” என்று கேட்டார். “புளியோட அமிலம் இடுக்குல தங்கிடும். திரும்ப அதுவே அரிக்கும்” என்று அப்பா தடுத்துவிட்டார்.

அவர் செய்ததை வரிசையாகக் குறித்துக்கொண்டேன்.

முதலில் பிளக்கைக் காரிலிருந்து கழற்றி, கேரவனின் சொந்த பேட்டரி இணைப்பையும் துண்டித்தார். பிறகு மின்முனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே. துளைகளுக்குள் தேய்க்க, பல்லிடுக்கில் விடும் சின்ன பிரஷ். நன்றாக உலரவிட்டார். அதன்பின் சிலிக்கோன் கிரீஸ், மிக மெல்லியதாக. அந்த கிரீஸ் கரண்டைக் கடத்தாது. ஈரமும் காற்றும் உலோகத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. முனைகள் இறுக்கமாகப் பொருந்தும்போது தொடும் இடத்தில் அது விலகிக்கொள்ளும். அள்ளி அப்பினால் தூசிதான் ஒட்டும்.

அடுத்து, பிளக்கின் பின்பக்கம். முன்வாயை மட்டும் பார்த்தால் போதாது. கேபிள் நுழையும் ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் கேபிளோடு வழிந்து உள்ளே வரும். வெடித்த ரப்பரை மாற்றினார். மாட்டியபின் கேபிள் பிளக்கைவிடக் கொஞ்சம் தாழ்வாகத் தொங்குகிறதா என்று பார்த்தார். அப்படி இருந்தால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஆனால் தார் ரோட்டில் உரசுகிற அளவுக்குத் தொங்கக்கூடாது.

கடைசியாக, வண்டி சும்மா நிற்கும்போது. பிளக்கைத் தரையில் போடக்கூடாது. வாய் கீழே பார்க்க, மழை நேரடியாகப் படாத இடத்தில், காற்றோட்டமாகத் தொங்கவேண்டும். அதை மாட்டி வைக்கவே வெற்று சாக்கெட் கிடைக்கிறது. கேரவனின் முன்சட்டத்தில் ஒன்றைப் பொருத்தினார். கார் பக்கத்துச் சாக்கெட்டின் மூடி தானாக மூடுகிறதா என்றும் பார்த்தார்.

“இதெல்லாம் 12 வோல்ட். கேரவன் பார்க்குல மாட்டுற 240 வோல்ட் கேபிள் வேற விஷயம். அதுல கோளாறுன்னா லைசென்ஸ் உள்ளவரைத்தான் கூப்பிடணும்” என்று அத்தானிடம் அழுத்திச் சொன்னார்.

நம் ஊரில் கேரவன் குறைவுதான். ஆனால் உணவு டிரெய்லர் இழுத்துப் பிழைக்கும் தம்பிகள், தங்கைகள் இருக்கிறார்கள். படகு டிரெய்லர் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். மழைக்கு நம் நாட்டில் பஞ்சமே இல்லை. கம்பியின் நிறம் மாறலாம், களிம்பு மாறாது. கிளம்புமுன் ஒருவர் காரில் உட்கார்ந்து பிரேக், இடது, வலது என்று போட, இன்னொருவர் பின்னால் நின்று பாருங்கள். இரண்டு நிமிஷம் போதும். எல்லா ரோட்டிலும் அந்த லாரி ஓட்டுநர் வரமாட்டார்.

மீதிப் பயணத்தில் அத்தான் ஒரு தடவைகூட “நீங்க உட்காருங்க மாமா” என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அவர் காரில் ஏறிக்கொள்வார், அப்பா பின்னால் போய் நிற்பார். “போடுங்க மாப்பிள்ளை!”

இப்போது அப்பா கிள்ளானில் இருக்கிறார். பெர்த்தும் நாமும் ஒரே நேரம்தான் என்பதால் ஞாயிறு காலையில் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வரும். பேரப்பிள்ளை உண்டா, வேலை எப்படி என்றெல்லாம் அம்மா விசாரித்து முடிப்பதற்குள் அப்பா போனை வாங்கிவிடுவார்.

“மாப்பிள்ளை, பிளக் கீழ பாத்துத்தானே தொங்குது?”

அத்தான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் காட்டுவார்.