பயணக் குமட்டலும் இதயமும்

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றுள் சிலவற்றைக் கடக்குமுன்பே பேருந்தில் ஓரிருவர் முகம் வெளிறிச் சன்னலோரம் நாடுவதைக் காணலாம். உண்ட உணவே காரணம் எனப் பலரும் கருதுவர். உண்மையில் இது செவிக்கும் கண்ணுக்கும் இடையே எழும் பிணக்கு.

நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள நீர்மம் அசைந்து, அத்திருப்பத்தை மூளைக்கு அறிவிக்கிறது. பேருந்தின் உட்புறத்தையோ, கையிலுள்ள ஏட்டையோ நோக்கும் கண், அசைவு ஒன்றுமில்லை என்கிறது. இவ்விரு செய்திகளும் முரண்படுவதால் மூளை கலக்கமுறுகிறது என்பதே அறிஞர் பெரும்பாலோர் தரும் விளக்கம். இரு உட்செவிகளும் முற்றிலும் செயலிழந்தோருக்கு இத்தொல்லை இல்லை. வரும் திருப்பத்தை முன்னரே அறியும் ஓட்டுநருக்கும் இது அரிது.

இக்கலக்கம், நம் விருப்பத்திற்கு உட்படாமல் இயங்கும் நரம்புகளைத் தூண்டுகிறது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி முகம் வெளிறுகிறது. குளிர்ந்த வியர்வை அரும்புகிறது. வாயில் நீர் ஊறுகிறது. இரைப்பையின் சீரான இயக்கம் குலைகிறது. நாடி பெரும்பாலும் விரைவுபடும். சிலருக்கு வாந்தியின்போது அது திடீரெனத் தளர்ந்து மயக்கமும் வரலாம். நலமான இதயத்திற்கு இதனால் பொதுவாகக் கேடில்லை. பயணம் முடிந்து ஓய்வெடுத்தால் யாவும் படிப்படியாக அடங்கும்.

இதய நோயாளரோ இதை எளிதாக எண்ணலாகாது. வாந்தி தொடர்ந்தால் உடலின் நீரும் உப்புகளும் குறைந்து இதயத் துடிப்பு சீர்கெடலாம். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்போர் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை இதனினும் முக்கியமானது. குளிர்ந்த வியர்வையும் குமட்டலும் மாரடைப்பின் அறிகுறிகளும் ஆகும். முதியோர், பெண்கள், நீரிழிவு உடையோர் ஆகியோருக்கு நெஞ்சுவலி இல்லாமலேயே மாரடைப்பு வருவதுண்டு. வழக்கமாகக் குமட்டல் வராதவருக்கு அது திடீரென வந்தாலும், வாகனம் நின்ற பின்னும் வியர்வை அடங்காவிட்டாலும், மார்பு இறுக்கம், மூச்சுத் திணறல், கை அல்லது தாடை வலி தோன்றினாலும், "பேருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று படுக்க வைத்துவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

பயணத்தின்போது முன் இருக்கையில் அமர்ந்து தொலைவை நோக்குங்கள், படிக்க வேண்டாம், மிதமாக உண்ணுங்கள். குமட்டலைத் தடுக்கும் மாத்திரையைப் புறப்படுமுன் உண்பதே பயன் தரும். அவற்றுள் பல உறக்கம் தருவன. ஆதலின் வண்டி ஓட்டுவோர் தவிர்த்தல் நலம். குழந்தைகளுக்கும் இதய நோயாளருக்கும் மருத்துவரைக் கேளாமல் தர வேண்டாம்.