படைகள் திரும்பிய நாள்களில் வந்த அமைச்சர்: மாலத்தீவு உணர்த்துவது என்ன?

புது தில்லி, மே 14: மாலத்தீவின் அப்போதைய வெளியுறவுத் துறை அமைச்சர் மூஸா ஜமீர், பதவியேற்ற பிறகு முதல் முறையாக இந்தியாவுக்கு மேற்கொண்ட அதிகாரபூர்வப் பயணம் 2024 மே 10-ஆம் தேதி நிறைவடைந்தது. மாலத்தீவில் பணியாற்றிய இந்தியப் படை வீரர்கள் அனைவரும் வெளியேறுவதற்கு இரு நாடுகளும் ஒப்புக்கொண்டிருந்த இறுதி நாளும் அதுவே.

ஒரு நாட்டின் வீரர்களைத் திருப்பி அனுப்பும் அதே வாரத்தில், அந்நாட்டின் தலைநகருக்குத் தனது வெளியுறவு அமைச்சரை அனுப்பிவைத்தது மாலே. முகமது முய்ஸு அதிபரான பிறகு மாலத்தீவிலிருந்து இந்தியா வந்த முதல் அமைச்சர் நிலைப் பயணம் இது. மே 13-ஆம் தேதி, மாலத்தீவு அரசின் 5 கோடி டாலர் மதிப்பிலான கருவூலப் பத்திரத்தை மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்க இந்தியா இசைந்தது. வெளியேற்றம், பேச்சுவார்த்தை, நிதியுதவி ஆகிய மூன்றும் ஒரே வாரத்துக்குள் நிகழ்ந்தது தற்செயலா என்பதே அப்போது எழுந்த கேள்வி.

ஆறு மாத விரிசல்

2023 செப்டம்பர் 30-ஆம் தேதி நடந்த இரண்டாம் சுற்று அதிபர் தேர்தலில், இந்தியாவுடன் நெருக்கம் பாராட்டிய இப்ராஹிம் முகமது சோலியை முய்ஸு தோற்கடித்தார். 'இந்தியாவே வெளியேறு' என்ற முழக்கம் அவரது அணியின் முதன்மைப் பிரசாரமாக இருந்தது. நவம்பர் 17-ஆம் தேதி பதவியேற்ற உடனேயே இந்திய வீரர்களைத் திரும்பப் பெறுமாறு அவர் முறைப்படி கேட்டுக்கொண்டார். முந்தைய அதிபர்கள் பலர் முதலில் இந்தியாவுக்கு வரும் வழக்கத்துக்கு மாறாக, முய்ஸு முதலில் துருக்கிக்கும், ஜனவரியில் சீனாவுக்கும் சென்றார்.

பிரதமர் நரேந்திர மோடியின் லட்சத்தீவுப் பயணத்தையொட்டி மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் சமூக ஊடகங்களில் வெளியிட்ட இழிவான கருத்துகள் விரிசலை ஆழமாக்கின. அவர்களை அந்நாட்டு அரசு இடைநீக்கம் செய்தபோதிலும், இந்தியச் சுற்றுலாப் பயணிகளின் கோபம் தணியவில்லை. 2023-இல் 2 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் மாலத்தீவுக்குச் சென்றனர்; அந்த ஆண்டு அந்நாட்டுக்கு அதிகப் பயணிகளை அனுப்பிய நாடு இந்தியாவே. 2024-இன் முதல் நான்கு மாதங்களில் அந்த எண்ணிக்கை, முந்தைய ஆண்டின் இதே காலத்துடன் ஒப்பிடுகையில் 40 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. சுற்றுலாவையே முதுகெலும்பாகக் கொண்ட பொருளாதாரத்துக்கு இது சிறிய இழப்பன்று.

வீரர்கள் சென்றனர், விமானங்கள் உள்ளன

இந்தியா வழங்கிய இரு ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும் இயக்கிப் பராமரிப்பதே அங்கிருந்த சுமார் 80 இந்திய வீரர்களின் முதன்மைப் பணி. தொலைதூரத் தீவுகளில் நோய்வாய்ப்பட்டோரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும், கடலில் தேடுதல் மற்றும் மீட்புப் பணிக்கும் இவை பயன்பட்டு வந்தன. அதுவரை 500-க்கும் மேற்பட்ட மருத்துவ மீட்புப் பணிகள் இவற்றின் மூலம் மேற்கொள்ளப்பட்டதாக இந்திய அரசு தெரிவித்துள்ளது.

2023 டிசம்பரில் துபையில் மோடியும் முய்ஸுவும் சந்தித்த பிறகு அமைக்கப்பட்ட உயர்நிலைக் குழு, மாலேயிலும் புது தில்லியிலும் மாறி மாறிக் கூடி ஒரு நடுவழியைக் கண்டது. விமானங்கள் அங்கேயே இருக்கும். வீரர்களுக்குப் பதிலாக இந்தியாவைச் சேர்ந்த சிவிலியன் தொழில்நுட்பப் பணியாளர்கள் அவற்றை இயக்குவர் என்பதே அந்த உடன்பாடு. தேர்தல் வாக்குறுதியை நிறைவேற்றியதாக முய்ஸு கூறிக்கொள்ள முடிந்தது. விமானங்களும் அவற்றின் பணியும் தொடர்வதை இந்தியா உறுதி செய்துகொண்டது.

இந்த ஏற்பாடு எதனால் தேவைப்பட்டது என்பதை மே 11-ஆம் தேதி மாலத்தீவுப் பாதுகாப்பு அமைச்சர் கஸான் மௌமூனே வெளிப்படையாகக் கூறினார். இந்தியா வழங்கிய மூன்று வானூர்திகளையும் இயக்கும் தகுதி பெற்ற வீரர்கள் தங்கள் ராணுவத்தில் தற்போது இல்லை என்றும், சிலர் தொடங்கிய பயிற்சி நிறைவு பெறவில்லை என்றும் அவர் தெரிவித்தார். எதிர்க்கட்சியாக இருந்தபோது, திறமையான விமானிகள் உள்நாட்டிலேயே உள்ளனர் என்று வாதிட்டவர்கள்தாம் இன்று ஆட்சியில் இருக்கிறார்கள்.

ஜெய்சங்கர் சொன்னதும் சொல்லாததும்

மே 9-ஆம் தேதி நடந்த சந்திப்பில் வெளியுறவு அமைச்சர் எஸ்.ஜெய்சங்கர் பேசியவை கவனமாகத் தேர்ந்த சொற்கள். நெருங்கிய அண்டை நாடுகள் என்ற முறையில் இருதரப்பு உறவின் வளர்ச்சி, பரஸ்பர நலன்களையும் ஒருவர் மற்றவரின் உணர்வுகளை மதிப்பதையும் அடிப்படையாகக் கொண்டது என்றார். மாலத்தீவின் வளர்ச்சித் திட்டங்களுக்கு இந்தியா உதவி வருவதையும், நெருக்கடிக் காலங்களில் முதலில் கைகொடுப்பதையும், சாதகமான நிபந்தனைகளில் நிதி வழங்கியிருப்பதையும் அவர் நினைவூட்டினார்.

அவர் சீனாவின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால், 'உணர்வுகளை மதிப்பது' என்பதன் பொருள் மாலேவுக்குப் புரியாதிருக்க வாய்ப்பில்லை. சீன ஆய்வுக் கப்பலான சியாங் யாங் ஹாங் 03 2024 பிப்ரவரியில் மாலே துறைமுகத்துக்கு வந்தது. மார்ச் மாதத்தில் சீனாவுடன் ராணுவ உதவி ஒப்பந்தம் கையெழுத்தானது. மினிக்காய் தீவிலிருந்து சுமார் 70 கடல் மைல் தொலைவில் உள்ள ஒரு நாட்டில் நிகழும் இத்தகைய மாற்றங்களை இந்தியக் கடற்படை புறக்கணிக்க இயலாது.

ஜமீர் தமது தரப்பில், துணை அமைச்சர்களின் கருத்துகள் அரசின் நிலைப்பாடு அல்ல என்று விளக்கினார். முய்ஸுவின் இந்தியப் பயணம் குறித்தும் ஆலோசிக்கப்பட்டதாகக் கூறினார்.

தேவைகளின் கணக்கு

மாலேவின் தொனி மாறியதற்கு இரு காரணங்கள் உள்ளன. முதலாவது உள்நாட்டு அரசியல். ஏப்ரல் 21-ஆம் தேதி நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் முய்ஸுவின் மக்கள் தேசிய காங்கிரஸ் 93 இடங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கைப்பற்றியது. இந்திய எதிர்ப்பைக் கொண்டு வாக்கு சேகரிக்க வேண்டிய கட்டாயம் அப்போதைக்கு நீங்கியது.

இரண்டாவது கடன். இந்தியாவுக்கு மாலத்தீவு அப்போது செலுத்த வேண்டியிருந்த தொகை சுமார் 40 கோடி டாலர். கடனைத் திருப்பிச் செலுத்துவதில் சலுகை வேண்டும் என்று முய்ஸுவே 2024 மார்ச்சில் கேட்டிருந்தார். பாரத ஸ்டேட் வங்கி வாங்கிய கருவூலப் பத்திரத்தின் காலத்தை நீட்டித்திருப்பது, அந்நியச் செலாவணி நெருக்கடியில் இருந்த அரசுக்கு மூச்சுவிட அவகாசம் தந்தது.

அன்றாட உணவிலும் இந்தச் சார்பு தெரிகிறது. 2024-25 நிதியாண்டில் மாலத்தீவுக்கு 1,24,218 டன் அரிசி, 35,749 டன் வெங்காயம், சுமார் 42.75 கோடி முட்டைகள் உள்ளிட்டவற்றை ஏற்றுமதி செய்ய இந்தியா 2024 ஏப்ரலில் அனுமதித்தது. கட்டுமானத்துக்கான ஆற்று மணல், ஜல்லி ஆகியவற்றின் ஒதுக்கீடு 25 சதவீதம் உயர்த்தப்பட்டு, தலா 10 லட்சம் டன்னாக நிர்ணயிக்கப்பட்டது. உறவு கசந்திருந்த மாதங்களில் எடுக்கப்பட்ட முடிவு இது என்பது குறிப்பிடத்தக்கது. தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாகக் குல்ஹுதுஃபுஷி, மாலே ஆகிய துறைமுகங்களுக்கு 2020 செப்டம்பரில் சரக்குக் கப்பல் சேவை தொடங்கப்பட்டதை நினைவில் கொண்டால், இந்த உறவில் தமிழகத்தின் கடல் வணிகத்துக்கும் பங்குண்டு என்பது விளங்கும்.

இனி என்ன?

தில்லியின் அணுகுமுறை தெளிவாகத் தெரிகிறது. அவமதிப்புக்குப் பதிலடியாக உதவியை நிறுத்தவில்லை. அதே வேளையில், உதவி எங்கிருந்து வருகிறது என்பதை நினைவூட்டத் தவறவும் இல்லை. உதவியை நிறுத்தியிருந்தால் அந்த இடத்தை நிரப்பப் பெய்ஜிங் காத்திருக்கிறது என்ற கணக்கும் இதில் அடங்கியுள்ளது. ஆயினும், நிதி நெருக்கடியால் உருவாகும் நட்பு, நெருக்கடி தீர்ந்ததும் தளரக்கூடும் என்ற ஐயத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அடுத்த சோதனை தொலைவில் இருக்கவில்லை. மாலத்தீவுக் கடற்பரப்பை இரு நாடுகளும் இணைந்து அளவிடுவதற்காக 2019 ஜூன் மாதத்தில் செய்துகொண்ட நீரியல் ஆய்வு ஒப்பந்தம், 2024 ஜூன் 7-ஆம் தேதியுடன் காலாவதியானது. அதைப் புதுப்பிப்பதில்லை என்று முய்ஸு அரசு ஏற்கெனவே அறிவித்திருந்தது. மாலேயை அண்டைத் தீவுகளுடன் இணைக்க, இந்தியாவின் 50 கோடி டாலர் உதவியுடன் கட்டப்பட்டு வந்த 6.74 கி.மீ. பாலத் திட்டத்தின் வேகமும் கவனிக்கப்பட்டது.

வீரர்கள் குறித்த சர்ச்சைக்கு மே 10-ஆம் தேதி முற்றுப்புள்ளி வைத்தது. கடற்பரப்பில் யாருடைய கப்பல்கள் ஆய்வு செய்யும் என்ற கேள்விக்கு ஜமீரின் பயணத்தில் விடை கிடைக்கவில்லை. தாமதமாகிவந்த முய்ஸுவின் இந்தியப் பயணத்தின்போது மேசையில் முதலில் வைக்கப்பட வேண்டியிருந்தது அந்தக் கேள்விதான்.