குருதி விலக்கும் உயிர் மதிப்பும்

குருதியை உண்ணலாகாது என்பதைத் தூய்மை பற்றிய விதியாக மட்டுமே நாம் கருதிவிடுகிறோம். விவிலியமோ வேறொரு காரணமும் கூறுகின்றது. உடலின் உயிர் குருதியில் உள்ளது. உயிரோ இறைவனுக்கு உரியது. ஆதலின், வேட்டையாடிய விலங்கின் குருதியையும் நிலத்தில் ஊற்றி மண்ணால் மூடுமாறு லேவியராகமம் (17:13) பணிக்கின்றது. ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் நோவா எனப்படும் நூஹ் நபிக்கு இவ்விலக்கை உரைத்த இறைவன், அடுத்தே, மனிதக் குருதி சிந்துவோரிடம் கணக்குக் கேட்பதாகவும் எச்சரிக்கின்றான். திருக்குர்ஆனின் 5ஆம் அத்தியாயமும் 3ஆம் வசனத்தில் குருதியை விலக்குகின்றது. அநியாயமாக ஓருயிரைக் கொல்வது மனிதகுலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பாகும் என 32ஆம் வசனத்தில் உரைக்கின்றது. உணவில் குருதியை விலக்கிவிட்டுத் தெருவில் அதனைச் சிந்துவோர் எந்த வேதத்தைப் பின்பற்றுகின்றனர்? உண்கலத்தில் காட்டும் பேணுதலை உயிர்களிடத்தும் காட்டுவோமாக!